நிபோங் திபால் தோட்டத்துக் கல்லறையிலிருந்து துறையூர் வரை: பூட்டனாரின் தடத்தை எங்கே தேடுவது?

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் மலாயா வரலாறு என் பாட்டனாரின் தந்தையிடமிருந்து தொடங்குகிறது. அவர் பினாங்கு மாநிலத்துச் செபெராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் திபாலுக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்து அங்கேயே மறைந்தார் என்பதும், தமிழ்நாட்டின் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதும் தவிர வேறு எதுவும் எங்களுக்குத் தெரியாது. என் பாட்டனார் 1931-இல் அதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, பிற்காலத்தில் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்குக் குடிவந்தவர். அவருடைய பிறப்புப் பத்திரம் எங்களிடம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆவணம் ஒன்றும் இல்லை.

சென்ற மாதம் என் சித்தப்பா அந்தத் தோட்டத்திற்குச் சென்று, இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) நடப்பட்டுள்ள ஒரு சரிவின் ஓரத்தில் பூட்டனாரின் கல்லறையைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து வந்தார். கல்லின் உச்சியில் ‘உ’ என்ற எழுத்து தனியாக நிற்கிறது. அதன் கீழ் ‘ஈசுவர ௵ தை ௴ ௰௨ ௳’ என்ற வரியும், பிறகு அவருடைய பெயரும், ‘சிவபதம்’ என்று தொடங்கும் வரியும் உள்ளன. கடைசி வரியில் ஊர்ப்பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் ‘பாளையம்’ என்ற ஈறு மட்டுமே இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

1936-இல் பிறந்த பாட்டனாரின் தங்கையார் இன்னும் எங்களோடு இருக்கிறார். தம் தந்தை ஜப்பான்காரன் காலத்தில் இறந்ததாக அவர் உறுதியாகச் சொல்கிறார். அவருடைய மூத்த அண்ணன் ஒருவர் ஜப்பானியர் அமைத்த சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வரவே இல்லை. அந்த அண்ணனும் இதே தோட்டத்தில் பிறந்தவர்தான். போகும்போது அவருக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். பூட்டனார் முதன்முதலாக மலாயாவுக்கு வந்தது ரஜூலா கப்பலில் என்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் செய்தி.

கல்லில் உள்ள நாளை எப்படிப் படிப்பது, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியல் எங்கே கிடைக்கும், எந்த அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும், அந்தப் ‘பாளையத்தை’ அடையாளம் காண வழி உண்டா என்பனவே என் கேள்விகள். அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பிறையூரான், பட்டர்வொர்த்

வணக்கம். முதலில் கல்லை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்களிடம் உள்ள சான்றுகளில் அதுவே மிகவும் உறுதியானது.

உச்சியில் உள்ள ‘உ’ பிள்ளையார் சுழி. அது எண் அன்று. தமிழ் எண்களில் இரண்டைக் குறிக்கும் ‘௨’ ஏறக்குறைய அதே வடிவில் இருப்பதால் பலர் அதையும் தேதியோடு சேர்த்துப் படித்துவிடுகிறார்கள். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். ௰ என்பது பத்து, அதையடுத்த ௨ இரண்டு. ஆகவே ‘ஈசுவர வருடம் தை மாதம் 12-ஆம் நாள்’ என்று படிக்க வேண்டும். அறுபதாண்டுச் சுற்றில் ஈசுவர ஆண்டு 1937 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1938 ஏப்ரல் நடுவில் முடிந்தது. தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் விழும் என்பதால் அவர் மறைந்தது 1938 ஜனவரி 25-ஐ ஒட்டிய நாள். இதற்கு முந்தைய ஈசுவர ஆண்டு 1877. மகன் 1931-இல் பிறந்திருக்கும்போது அந்த ஆண்டைப் பற்றி எண்ணவே வேண்டியதில்லை.

ஜப்பானியர் ஆட்சிக் காலம் (1941 முதல் 1945 வரை) என்பது விசு ஆண்டின் மார்கழி முதல், சித்திரபானு, சுபானு, தாரண ஆண்டுகள் முழுவதும் கடந்து, பார்த்திப ஆண்டின் ஆவணி வரை. ஈசுவர ஆண்டு அதற்குள் எப்படியும் வராது. பாட்டியார் சொல்வதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. 1936-இல் பிறந்தவருக்குத் தந்தையின் மரணத்தின்போது இரண்டு வயதுகூட ஆகியிருக்காது. ஏழு வயதில் வீட்டில் விழுந்த இழவு அண்ணனுக்காகத்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு துக்கங்களும் அவர் மனத்தில் ஒன்றாகிவிட்டன என்று கருதுகிறேன். இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்தில் பூட்டனாருக்குத் திதி கொடுக்கும் வழக்கம் தொடர்ந்தால், அது எந்த மாதத்தில், எந்தப் பிறையில் வருகிறது என்று கேளுங்கள். 1938 ஜனவரி நடுவில் பௌர்ணமி, மாதக் கடைசியில் அமாவாசை. எனவே கல் சொல்லும் நாள் தேய்பிறையில் வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் தோட்டப் பாட்டாளி ஒருவரின் புதைகுழிக்கு மண்மேடும் ஒரு மரக்கட்டையும் கிடைத்தாலே பெரிது. எழுத்து வெட்டிய கல்லை ஊன்றியிருக்கிறார்கள் என்றால், அவர் கங்காணியாகவோ (ஆள்திரட்டி மேற்பார்ப்பவர்) தண்டலாகவோ (வேலை மேற்பார்வையாளர்) இருந்திருக்கலாம், அல்லது அவரை மதித்தவர்கள் பணம் திரட்டியிருக்கலாம். ‘இவர் சாதாரணக் கூலி’ என்று முடிவுகட்டிவிட்டுத் தேடத் தொடங்காதீர்கள்.

தேய்ந்த கடைசி வரியைப் படிக்க வேண்டுமென்று கம்பித் தூரிகையால் தேய்ப்பது, அமிலம் ஊற்றுவது, சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்புவது ஆகிய எதையும் செய்ய வேண்டாம். கோயில் பணிகளில் பழகிய நல்ல மனிதர்களே இதைச் செய்து பல கற்களைப் பாழாக்கியதைக் கண்டிருக்கிறேன். வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். காலை ஏழரை மணிக்கோ மாலை ஆறரை மணிக்கோ சென்று, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பல கோணங்களில் படம் எடுங்கள். வெயில் இல்லாவிட்டால் கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில் ஏறக்குறையத் தொடும்படி வைத்துப் பிடிக்கலாம். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். கல்லின் பின்புறத்தையும் மண்ணில் புதைந்த அடிப்பகுதியையும் பார்க்கத் தவறாதீர்கள், கல்லை ஊன்றியவர் பெயர் பல வேளைகளில் அங்கேதான் இருக்கும். இடத்தின் புவியிட எண்களைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். செம்பனையை மறுநடவு செய்யும் போது இயந்திரத்தை ஓட்டுபவருக்கு அது கல்லறை என்று தெரிந்திருக்கும் என்று நம்ப முடியாது.

ஏட்டுப்பூச்சி, கோலாலம்பூர்

பிறையூரான் ஐயா கல்லைப் பற்றிச் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. காகிதங்களைப் பற்றி எழுதுகிறேன்.

பயணிகள் பட்டியலைத் தேடுவதில் காலத்தைச் செலவிடாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. பிஜி, மொரிசியஸ், நேட்டால் ஆகிய இடங்களுக்கு ஒப்பந்தத்தில் சென்றவர்களுக்கு ஊர், தாலுகா, தந்தை பெயர், வயது, அங்க அடையாளம் வரை எழுதிய ஆள்வாரிப் பதிவுகள் உள்ளன. அவற்றைப் பார்த்துவிட்டு நமக்கும் அப்படி இருக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்தவர்கள் பெரும்பாலும் கங்காணி வழியாகவோ, தாமாகவோ வந்து இறங்கியவர்கள். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடை செய்யும்வரை அந்த ஓட்டம் நின்றும் நடந்தும் தொடர்ந்தது. பிரிட்டிஷ் மலாயாவில் இருந்த இந்திய அரசின் முகவர் எழுதிய ஆண்டறிக்கைகளைப் படித்தால் எத்தனை பேர் வந்தார்கள், என்ன கூலி, எந்த நோயில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதெல்லாம் தெரியும். உங்கள் பூட்டனாரின் பெயர் மட்டும் தெரியாது.

ரஜூலாவைப் பற்றியும் ஒரு சொல். அந்தக் கப்பல் 1926-இல் கட்டப்பட்டது. சயாமுக்குப் போன மகன் 1943 வாக்கில் இருபதைத் தாண்டியவராகவும், நிபோங் திபாலிலேயே பிறந்தவராகவும் இருந்தால், தந்தை அதற்கு முன்பே இங்கு வந்துவிட்டார் என்றாகிறது. இடையில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது ரஜூலாவில் வந்திருக்கலாம். நம் வீடுகளில் எல்லாக் கப்பலுக்கும் ரஜூலா என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நம்மைப் போன்ற தோட்டக் குடும்பங்களுக்கு ஆளின் பெயரைவிடத் தோட்டத்தின் பெயரே சரியான திறவுகோல் என்பது என் உறுதியான கருத்து. முனியாண்டி என்ற ஒரே பெயரைப் பதிவாளரும் கிராணியும் (தோட்ட எழுத்தர்) மருத்துவமனை டிரஸ்சரும் (மருத்துவ உதவியாளர்) மூன்று விதமாக ரோமன் எழுத்தில் எழுதியிருப்பார்கள். கிராணிகளில் யாழ்ப்பாணத்தவரும் மலையாளிகளும் பலர். அவரவர் காதில் விழுந்ததே எழுத்தாயிற்று. ஒரே தோட்டத்தில் ஐந்து முனியாண்டி இருப்பதும் புதிதன்று. தோட்டத்தின் பெயர் அப்படி மாறாது. மாறினாலும் அதற்குக் காரணம் ஆவணத்தில் இருக்கும். ஆகவே பாட்டனாரின் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் எழுதியுள்ள தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை அப்படியே எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் நம்மவர் வழங்கிய பெயர் வேறாக இருந்திருக்கலாம். அதைப் பாட்டியாரிடம் கேட்டுத் தனியாக எழுதி வையுங்கள்.

அடுத்தது தேசியப் பதிவிலாகா. 1938 ஜனவரி என்ற காலவரம்பும், தோட்டத்தின் பெயரும், கல்லில் உள்ள பெயரின் பல எழுத்து வடிவங்களும் கையில் இருந்தால் இறப்புப் பதிவைத் தேடித்தரும்படி விண்ணப்பிக்கலாம். ஆண்டு தெரியாமல் போகிறவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கல் கொடுத்த நாள்தான். பதிவு கிடைத்தால், நோயின் பெயரைவிட, இறப்பை அறிவித்தவர் யார் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். அது தம்பியாக இருக்கலாம், மைத்துனராக இருக்கலாம். குடும்பம் மறந்துபோன ஒரு கிளை அங்கே கிடைக்கும். திருமணப் பத்திரம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இந்து வழக்கத் திருமணங்களைக் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

கோலாலம்பூரிலேயே இருப்பதால் நீங்கள் தேசிய ஆவணக் காப்பகத்திற்குத்தான் முதலில் போவீர்கள். அங்கே ஓர் எல்லையைப் புரிந்துகொள்ள வேண்டும். சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் அங்கே ஏராளமாக உள்ளன. கிள்ளான், காஜாங், ரவாங் தோட்டங்களைத் தேடுகிறவர்களுக்கு அவை பெரிய செல்வம். உங்கள் பூட்டனார் வாழ்ந்ததோ வெல்லெஸ்லி மாகாணத்தில், அதாவது இன்றைய செபெராங் பிறையில். அது பினாங்கோடு சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்களுக்கு உட்பட்டது, சிலாங்கூர் கூட்டாட்சி மலாய் மாநிலங்களுக்கு உட்பட்டது. இரண்டும் வெவ்வேறு ஆட்சிகள், வெவ்வேறு கோப்பு வரிசைகள். நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து இலண்டனுக்குச் சென்ற கடிதங்கள் இலண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. (குடியேற்ற நாட்டு அலுவலகம்) 273 என்ற வரிசையில் உள்ளன. அதில் தோட்டத்தைப் பற்றியோ, மருத்துவமனை குறித்த புகாரைப் பற்றியோ செய்தி கிடைக்கலாம். தனிமனிதர் பெயர் கிடைப்பது அரிது. அதைவிடச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையவழி நாளிதழ்த் தொகுப்பில் தோட்டத்தின் பெயரை இட்டுத் தேடுங்கள். 1930-களின் ஆங்கில நாளிதழ்களோடு தமிழ் முரசும் அங்கே படிக்கக் கிடைக்கிறது. வழக்கு, விபத்து, பள்ளி திறப்பு, கள்ளுக்கடை எதிர்ப்புக் கூட்டம் என்று ஏதேனும் ஒரு செய்தி இருக்கும்.

நிலப்படத்தையும் விட்டுவிடாதீர்கள். போருக்குப் பின் வெளியான ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவுப் படங்களில் தோட்டங்களின் பெயர்கள் அச்சிடப்பட்டுள்ளன. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் பெரிய தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன; உங்கள் தோட்டமும் அப்படிப் பிரிந்திருந்தால் கல்லறை இருக்கும் நிலம் இன்று வேறொரு பெயரில் இருக்கும். பழைய படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்த்து, நில அலுவலகத்தில் அந்த இடத்தின் லாட் (மனைப்பகுதி) எண்ணைக் கொடுத்து, உரிமையாளர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சயாமுக்குப் போனவரைப் பற்றி வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கூட்டுக் குழிகளே மிச்சம். அவரைப் பற்றி ஏதேனும் துண்டுக் காகிதம் வீட்டில் இருந்து அதில் ஆண்டு 2603 என்று இருந்தால் திகைக்க வேண்டாம். அது ஜப்பானியர் ஆண்டுமுறை. 660-ஐக் கழித்தால் 1943.

துறையூரைப் பொறுத்தவரை நான் அவநம்பிக்கையாளன். இந்திய வருவாய்ப் பதிவேடுகள் நிலம் வைத்திருந்தவர்களுக்கானவை; நிலம் இருந்தவர்களில் எத்தனை பேர் நிபோங் திபாலுக்குப் பால் வெட்ட வந்தார்கள்?

ஆயர் ஈத்தாம் அக்கா, பினாங்கு

ஏட்டுப்பூச்சித் தம்பி கடைசியாகச் சொன்னதோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஊரைக் கண்டுபிடிக்க நிலப்பதிவு ஒன்றுதானா வழி?

செந்தூல்வாசி தம்பி, வீட்டில் பழைய தகரப்பெட்டி ஏதேனும் இருந்தால் அதில் இந்தியாவிலிருந்து வந்த கடிதங்களும் மணியார்டர் ரசீதுகளும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கடிதத்தின் உள்ளே எழுதியிருப்பதைவிட உறையின் மேல் குத்தியுள்ள அஞ்சல் முத்திரை முக்கியமானது. அது எந்த அஞ்சலகத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால், அதன் கீழ் அடங்கும் ஊர்கள் சிலவே. அவற்றில் ‘பாளையம்’ என்று முடிவது ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

‘துறையூர்ப் பக்கம்’ என்பதை இன்றைய வரைபடத்தில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். அந்நாளில் துறையூர், திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் முசிறித் தாலுகாவுக்குள் அடங்கியிருந்தது. ஆகவே பழைய பதிவுகளை முசிறி என்ற தலைப்பின் கீழ் தேட வேண்டும். பெரம்பலூர் 1995-இல்தான் தனி மாவட்டமாயிற்று. பச்சைமலைக்குக் கிழக்கே உள்ள ஊர்க்காரர்களும் இங்கே வந்து ‘துறையூர்ப் பக்கம்’ என்று சொல்லியிருக்க இடமுண்டு. மேலும் துறையூர் ஒரு ஜமீன். ஜமீன் கிராமங்களை ரயத்துவாரியாக (உழவர் அரசுக்கு நேராக வரி கட்டும் முறை) மாற்றும் சட்டம் 1948-இல்தான் வந்தது. அதற்கு முன் ஊரை விட்டவர்களின் குடும்பங்களை அரசின் பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் தீர்வு) பதிவேட்டில் தேடினால் கிடைக்காது என்பதற்கு, நிலமின்மையோடு இதுவும் ஒரு காரணம். ஊர்ப்பெயர்களை மட்டும் வரிசையாகப் பார்க்க 1951 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு உதவும்.

நான் அதிகம் நம்புவது குலதெய்வத்தைத்தான். உங்கள் வீட்டில் முதல் முடி எடுக்கும்போதும் காது குத்தும்போதும் எந்தச் சாமியின் பெயரைச் சொல்லிக் காசு முடிந்து வைத்தார்கள்? அது மாரியம்மன் என்றால் பயனில்லை, ஊருக்கு ஊர் மாரியம்மன் உண்டு. ஆனால் இன்ன ஏரிக்கரைக் கருப்பு, இன்ன மலையடிவாரத்துப் பெரியசாமி என்று அடைமொழியோடு பாட்டியார் சொன்னால், அந்த அடைமொழிதான் முகவரி. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற பங்கு) வாங்குகிறவர்கள் யார் யார் பங்காளிகள், எந்த வீட்டார் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருப்பார்கள். ஊருக்குப் போனால் பூட்டனாரின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, ‘பினாங்குக்குப் போன வீடு எது?’ என்று கேளுங்கள். சாதியைப் பற்றி அங்கே நேராகவே கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று போகுமுன்பே குடும்பத்தோடு பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது.

எங்கள் தாய்வழியில் வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்) உண்டு. அவர்கள் தேடல் இதைவிட எளிது. செபெராங் பிறைப் பழைய கோயில் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெற்றோர் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். கத்தோலிக்கப் பதிவுகள் இலத்தீனில் இருப்பதால் பங்குத்தந்தையின் உதவி வேண்டும். உங்கள் உறவில் யாரேனும் வேதத்தில் சேர்ந்திருந்தால் அந்த வழியையும் முயலலாம்.

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு பாட்டியாரிடம் கேட்டேன். பூட்டனாருக்குத் தை மாதத் தேய்பிறையில்தான் திதி கொடுத்து வந்திருக்கிறார்கள். பிறையூரான் ஐயா கணித்த நாளோடு அது பொருந்துகிறது. அண்ணனைப் பற்றிக் கேட்டபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, லயத்து வாசலில் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதது தமக்கு நினைவிருக்கிறது என்று மட்டும் சொன்னார். குலதெய்வத்தின் பெயரைச் சொல்லும்போது ‘புளியஞ்சோலைக்குப் போகிற வழியில்’ என்று ஒரு தொடர் தற்செயலாக வந்தது. அது ஓர் இடத்தின் பெயரா என்று தெரியவில்லை. தோட்டத்திற்கு மறுபடியும் போக எண்ணியிருக்கிறோம், முன்னறிவிப்பின்றிப் போகலாமா?

ஆயர் ஈத்தாம் அக்கா, பினாங்கு

இடத்தின் பெயரேதான். புளியஞ்சோலை கொல்லிமலையின் அடிவாரத்தில், துறையூரிலிருந்து மேற்கே போகும் வழியில் இருக்கிறது. அப்படியானால் பெரம்பலூர்ப் பக்கத்தை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, துறையூருக்கும் கொல்லிமலைக்கும் இடையில் உள்ள பாளையங்களை மட்டும் பட்டியலிடுங்கள்.

பிறையூரான், பட்டர்வொர்த்

முன்னறிவிப்பின்றிப் போக வேண்டாம். நிர்வாகிக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதி, கல்லறையின் படத்தையும் பாட்டனாரின் பிறப்புப் பத்திர நகலையும் இணைத்து, வரும் நாளைக் குறிப்பிடுங்கள். அதே கடிதத்தில், மறுநடவுக்கோ நில விற்பனைக்கோ முன்பாகக் குடும்பத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வேண்டுகோளையும் சேர்த்து, முத்திரையிட்ட பெறுகைச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வரியின் புதிய படம் கிடைத்ததும் இங்கே இடுங்கள். ‘பாளையம்’ என்பதற்கு முன்னால் நிற்கும் எழுத்து ‘ட’வா ‘ப’வா என்பதை நாலு பேர் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கலாம்.